ஏலக்காய் விற்பனை: எழுத்தா, படமா?

போடி மலைச்சரிவின் சிறு ஏல விவசாயிகள் வியாபாரிக்குக் கைபேசியில் காயின் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடக் கூடாது. வெளிச்சத்திற்கேற்பப் படத்தில் பச்சை நிறம் மாறும். லிட்டர் எடையும் ஈரப்பதமும் தெரியவே தெரியா. பிறகு, “படத்தில் கண்ட நிறம் இல்லை” என்று விலையைக் குறைத்தால் நட்டம் விவசாயிக்கே.

சிக்னல் குறைந்த இடத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேரும். பேசிய விலைக்குச் சாட்சியாகவும் நிற்கும். தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறிகளே இடம். ஆகவே மி.மீ. அளவு, லிட்டர் எடை, மொத்தக் கிலோ, கேட்கும் விலை ஆகிய நான்கை மட்டும் எழுதுவது நலம். போடி, புத்தடி மின்னணு ஏலங்களின் அன்றைய சராசரியைப் பார்த்தே விலை கேட்க வேண்டும்.

வியாபாரி கேட்டால் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பலாம். முடிவு விலையை மட்டும் சாம்பிளைக் காட்டியே பேச வேண்டும்.