போகவும் மாட்டேன், வரவும் மாட்டேன்!

பி.காம். படித்தவனுக்குச் சொந்தக்காரர்கள் மத்தியில் இரண்டு உத்தியோகம் நிச்சயம். கல்யாண வீட்டில் மொய் எழுதுவது. யார் கடையிலாவது கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் போய்ப் பார்ப்பது. முதலாவதற்கும் என் படிப்புக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது. இரண்டாவது எப்படி வந்து ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை. ‘பத்திரிகையில எல்லாம் எழுதறான், கம்ப்யூட்டர் தெரியாமலா இருக்கும்?’ என்பது எங்கள் சித்தப்பாவின் வாதம்.

சித்தப்பா திருச்சியில் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கிறார். ஆணி, கீல், தாழ்ப்பாள், பூட்டு வகையறா. ஹார்டுவேரில் அவரை யாரும் அசைக்க முடியாது. காலை வாரிவிட்டது சாஃப்ட்வேர்.

ஒரு காதுகுத்து விசேஷத்துக்காகச் சென்னையிலிருந்து குடும்பத்தோடு போயிருந்தேன். சாப்பாடு முடிந்து, வெற்றிலை போட்டு, பாயில் சாயப்போகிற நேரம்.

“தம்பி, கடை வரைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போயேன். அஞ்சு நிமிஷ வேலை.”

யாராவது ‘அஞ்சு நிமிஷ வேலை’ என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் சொல்லிவிட்டுக் கிளம்புவது உத்தமம். நான் சொல்லாமல் கிளம்பினேன்.

விஷயம் இதுதான். கடைக் கம்ப்யூட்டரில் இருந்த ஆன்டி வைரஸுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சிவப்புப் பெட்டி வந்து ‘ஆபத்து, ஆபத்து’ என்று அலறியது. சித்தப்பா புதிய டப்பா ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதே கம்பெனி, புதிய வெர்ஷன். பழசை எடுத்துவிட்டுப் புதுசைப் போடவேண்டும். அவ்வளவுதான்.

அன்றைக்குத் தேதி 20. ஜி.எஸ்.டி. கட்டுகிறவர்களுக்கு அந்தத் தேதியின் மகிமை தெரியும். மாதாந்தர 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். வசூல் வந்தால்தானே வரி கட்டுவது? அதனால் சித்தப்பா எப்போதும் கடைசி நாள் ஆசாமி. தப்பினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம், வட்டி தனி. 50 ரூபாய் அவருக்குப் பெரிதில்லை. “2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வந்ததுலேர்ந்து ஒரு மாசம்கூட லேட் ஃபீ கட்டினதில்லடா” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அதுதான் பெரிது.

கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் 11. செட்டிங்ஸ் போய், ஆப்ஸ் போய், பழைய ஆன்டி வைரஸைத் தேடி ‘அன்இன்ஸ்டால்’ கொடுத்தேன். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. பாதி தாண்டியிருக்கும். கரண்ட் போய்விட்டது.

“யு.பி.எஸ். இல்லையா சித்தப்பா?”

இருந்தது. அதன்மேல் பிள்ளையார் படம்கூட இருந்தது. உள்ளே பேட்டரிக்குத்தான் உயிர் இல்லை.

கரண்ட் வந்தபின் ஆரம்பித்தது கூத்து. திரும்ப அன்இன்ஸ்டால் கொடுத்தால், ‘ஃபைல் காணவில்லை, நீக்க முடியாது’ என்கிறது. சரி, புதுசையே போட்டுவிடுவோம் என்று போனால், ‘பழைய வெர்ஷன் இருக்கிறது, முதலில் அதை நீக்கு’ என்கிறது. ரேஷன் கார்டு ஞாபகம் வந்தது. கல்யாணமான பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டுக் கார்டில் நீக்கினால்தான் புகுந்த வீட்டுக் கார்டில் ஏறும். நீக்கப் போன இடத்திலோ, ‘இங்கே அப்படி ஒரு பெயரே இல்லையேம்மா’ என்கிறார்கள். என்ன செய்வாள் அந்தப் பெண்?

நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த ஆன்டி வைரஸ் இருந்த ஃபோல்டருக்குள் போய் எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிக்கப் பார்த்தேன். பாதி அழிந்தது. மீதிப் பாதி ‘உனக்கு அனுமதி இல்லை’ என்றது. சித்தப்பா வாங்கிய கம்ப்யூட்டர், சித்தப்பாவே உட்காரச் சொன்ன நாற்காலி, எனக்கு அனுமதி இல்லையாம்!

கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. ஒரு வைரஸ் உள்ளே நுழைந்தால் முதலில் காவல்காரன் கழுத்தைத்தான் நெரிக்கப் பார்க்கும். அதனால் சுலபத்தில் சாகாதபடியே இவனைச் செய்து அனுப்புகிறார்கள். நெரிப்பது வைரஸா, நல்ல எண்ணத்தோடு வந்த பி.காம். பட்டதாரியா என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தவிர, மற்ற சாஃப்ட்வேர் மாதிரி இவன் ஒரு ஃபோல்டரோடு நிற்பதில்லை. விண்டோஸின் அடிமடியில் டிரைவர் என்ற பெயரில் வேர் விட்டிருப்பான். நீங்கள் எந்த ஃபைலைத் திறந்தாலும் இடையில் நின்று எட்டிப் பார்ப்பான். இன்டர்நெட் வருகிற வாசலில் இன்னொரு கிளை நிற்கும். அந்த ஆழத்தில் ஒரு சின்னத் தப்பு நடந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு படுத்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் பேனா பிடித்து போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள்.

இதெல்லாம் பின்னால் தெளிவாகப் புரிந்தது. அப்போது புரிந்தது ஒன்றுதான். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தேன், இன்டர்நெட் காலி. வாசலில் நின்ற டிரைவர் அங்கேயே இருக்கிறான், அவனுக்கு உத்தரவு கொடுக்கிறவனை நான் அழித்துவிட்டேன். உத்தரவு வராமல் யாரையும் உள்ளே விடமாட்டேன் என்று நிற்கிறான். இன்னொரு வேடிக்கை. விண்டோஸுக்குச் சொந்தமாக டிஃபெண்டர் என்று ஒரு காவல்காரன் உண்டு. வெளியாள் ஒருவன் காவலுக்கு வந்தால் இவன் ஒதுங்கிப் படுத்துக்கொள்வான். வெளியாள் போனால் தானே எழுந்துகொள்வான். செக்யூரிட்டி பக்கத்தில் இன்னும் பழைய ஆள் பெயர்தான் இருந்தது. அவன் பார்த்துக்கொள்வான் என்று இவன் தூங்குகிறான், அவனோ பாதிப் பிணம். பதினோரு வருஷக் கணக்கும், பேங்க் லாகினும் உள்ள வீட்டுக்கு இரண்டு காவல்காரர் இருந்தும் கதவு திறந்தே கிடக்கிறது.

மணி ஏழு. “பக்கத்து பிரவுசிங் சென்டர்ல போய் ரிட்டர்னை மட்டும் போட்டுடலாம் சித்தப்பா.”

“கடை பாஸ்வேர்டை அடுத்தவன் மிஷின்ல அடிக்கறதா?” முடியாது என்றுவிட்டார்.

செல்போனில் ஆன்டி வைரஸ் உதவி என்று தேடினேன். முதலில் வந்தது ஒரு விளம்பரம். அதிலிருந்த நம்பருக்குப் போட்டால் ஒருவர் தேன் சொட்டப் பேசினார். மிஷினில் ஒரு ஆப் போட்டால் தூரத்திலிருந்தே சரி செய்வாராம். இன்டர்நெட் இல்லையே என்றேன். போனிலேயே போடுங்கள் என்றார். சித்தப்பா என் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தார்.

“கல்லாப்பெட்டிச் சாவியை முகம் தெரியாதவன்கிட்ட குடுப்பியாடா?”

அந்த நம்பர் அந்தக் கம்பெனியுடையதே இல்லை என்று அப்புறம்தான் பார்த்தேன். பத்தாவது வரை படித்த மனுஷன் அவர்.

கடைசியில் சித்தப்பா மகளுக்குப் போன் போட்டேன். கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் கெடுத்து வைப்பதைச் சரி செய்வதுதான் அவளுக்கு உத்தியோகம். “வீட்லயே ஆள் இருக்கறப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?” என்று சித்தப்பாவைக் கேட்டேன். “அவ திட்டுவாடா” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

முழுக்கதையும் கேட்டாள். ஒரு நிமிஷம் சத்தமில்லை.

“அண்ணா, ஃபோல்டரைக் கையால அழிச்சீங்களா?”

“லேசா.”

“ரெஜிஸ்ட்ரியில எதாவது?”

“இல்லைம்மா.”

“தப்பிச்சீங்க. அந்தப் பக்கமே போகாதீங்க. டிரைவர் போய், அதோட பதிவு மட்டும் நின்னுட்டா கீபோர்டுகூட உயிர் இல்லாமப் போயிடும். பேக்கப் இருக்கா?”

“டி டிரைவ்ல இருக்காம்.”

“அதே டிஸ்க்லதானே?” பீரோவின் மாற்றுச் சாவியை பீரோவுக்குள்ளேயே வைத்த கதை. எதிர்க் கடையில் புது பென் டிரைவ் வாங்கி, டேலி ஃபோல்டரை முழுசாக அதில் ஏற்றி, கழற்றிச் சித்தப்பா சட்டைப் பையில் போட்டபிறகுதான் மேற்கொண்டு பேசினாள்.

அவள் சொன்னதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அநேகமாக எல்லா ஆன்டி வைரஸ் கம்பெனியும் தன் சரக்கை வேரோடு பிடுங்க ஒரு தனிக் கருவி தருகிறது. ரிமூவல் டூல் என்று பெயர். காசு கிடையாது. அந்தந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுக்கவேண்டும். ஒரு கம்பெனியின் கருவி இன்னொன்றுக்கு ஆகாது. செல்போனில் இறக்கி, சார்ஜர் ஒயரால் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன்.

அடுத்தது சேஃப் மோட். இந்த நிலையில் விண்டோஸ் தனக்கு அத்தியாவசியமானதை மட்டும் எழுப்பும், வெளியாட்கள் தூங்குவார்கள். தூங்கும்போதுதான் பிடுங்கமுடியும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுக்கவேண்டும். நீலத்திரை வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பிறகு ஒரு பட்டியல் வரும், அதில் 4. போவதற்கு முன் அவள் கேட்டது: “பிட்லாக்கர் பூட்டு இருக்கா?” சித்தப்பா மிஷினில் இல்லை. உங்கள் லேப்டாப்பில் இருக்கலாம். இருந்தால் அதன் ரெகவரி கீயை முன்னாலேயே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சார். நடுவழியில் 48 இலக்கம் கேட்பான்.

திரை கறுப்பாகி, நாலு மூலையிலும் சேஃப் மோட் என்று வந்தது. “என்னடா, துக்க வீடு மாதிரி ஆயிடுச்சு?” என்றார் சித்தப்பா. கருவியை ஓட்டினேன். சாதாரண அன்இன்ஸ்டாலை முதலில் வழக்கமான நிலையில் செய்துபார்க்கவேண்டும், சேஃப் மோடில் அதைச் செய்கிற விண்டோஸ் இன்ஸ்டாலரே சாதாரணமாக எழுந்திருக்காது. இந்தக் கருவிக்கு அது தேவைப்படவில்லை. சில நிமிஷத்தில் வேலை முடிந்து ரீஸ்டார்ட் கேட்டது.

மிஷின் வந்தது. இன்டர்நெட் வரவில்லை.

“கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறங்க. ‘நெட்ஷ் வின்சாக் ரீசெட்’னு அடிங்க.” வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போன்ற மந்திரம். எழுத்தெழுத்தாகக் கேட்டு அடித்து, இன்னொரு ரீஸ்டார்ட். மூலையில் இன்டர்நெட் பொம்மை முளைத்தது! செக்யூரிட்டி பக்கத்தில் பழைய பெயர் மறைந்து, டிஃபெண்டர் தானாக எழுந்து பச்சை டிக்கோடு நின்றான்.

மணி 10:20. ரிட்டர்ன். வரி கட்டியாயிற்று. கடைசியில் ஓ.டி.பி. கேட்டது. அது சித்தப்பா போனுக்கு வரும். சித்தப்பா போன் விசேஷ வீட்டில், யாரோ ஒரு பொடியன் கையில், கேம் ஆடிக்கொண்டிருக்கிறது. என் போனிலிருந்து சித்திக்குப் போட்டு, சித்தி பொடியனைத் துரத்திப் பிடித்து, கண்ணாடி தேடி, “ஆறா எட்டா தெரியலையே” என்று படித்து... இரண்டாவது ஓ.டி.பி.யில் ஏறியது. ஏ.ஆர்.என். நம்பர் திரையில் வந்தபோது மணி 11:25. சித்தப்பா அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். பிரின்ட்டும் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு புது ஆன்டி வைரஸை, கம்பெனித் தளத்திலிருந்து புதிதாக இறக்கி, டப்பாவிலிருந்த கீயைக் கொடுத்துப் போட்டேன். எந்த முனகலும் இல்லாமல் உட்கார்ந்தது. விழித்திருக்கிறானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஐகார் என்ற 68 எழுத்துச் சோதனை ஃபைல். அது வைரஸே இல்லை, அதைக் கண்டால் குரைக்கவேண்டும் என்று ஆன்டி வைரஸ் செய்கிறவர்களுக்குள் ஒப்பந்தம். இறக்கிய கையோடு குரைத்தது. சித்தப்பா துள்ளி எழுந்தார். விளக்கிச் சொன்னேன்.

“அப்ப நடுவுல, ரிட்டர்ன் போட்டப்ப யாருடா காவல்?”

“விண்டோஸோட சொந்த ஆள். கூடவே வர்றது, காசு கிடையாது.”

அந்தக் காலி டப்பாவை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை ஒட்டியிருந்த பக்கம் வந்ததும் நிறுத்தினார். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அவனே போதும் என்பது என் கட்சி, நான் வேறு எதுவும் வாங்குவதில்லை. அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. பசி.

கிளம்பும்போது ஷெல்ஃபிலிருந்து நல்ல கனமான பூட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “வச்சுக்கோடா, ஏழு லீவர். எவனாலயும் திறக்க முடியாது.” சந்தோஷத்தில் கடையிலேயே பூட்டிப் பூட்டிப் பார்த்தேன்.

சென்னை வந்து பையைத் திறந்தால் பூட்டு இருந்தது, கச்சிதமாகப் பூட்டியபடி. மூன்று சாவியும் திருச்சியில், கல்லாப்பெட்டி மேல்.

“அஞ்சு நிமிஷ வேலைதானே,” என்றாள் மனைவி, “ஒரு எட்டு போய் எடுத்துட்டு வந்துடுங்களேன்.”