மன்னனின் உயிரும் சேரியின் விலையும்

கனடாவின் பயோவெயர் நிறுவனம் உருவாக்கி, 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்’ என்னும் கணினி விளையாட்டை ஆடியோர், அதில் வரும் தளபதி லோகெய்னைப் பற்றி வாதாடி இன்னமும் ஓய்ந்தாரில்லை. ஒஸ்ரகார் போர்க்களத்தில் தீச்சமிக்ஞை எழுந்த பின்னரும் அவன் தன் படையைக் களத்தில் இறக்காது திருப்பிக்கொண்டு போனான். மன்னன் கெய்லன் மாண்டான். இது துரோகம் என்பர் ஒரு சாரார். சமிக்ஞை பிந்தியது, எஞ்சிய படையையாவது காத்தவன் அவன் என்பர் மறு சாரார்.

இவ்விரு சாராரிடமும் நாம் வினவுவது ஒன்றே: டெனெரிம் நகரின் சேரி உங்கள் கண்ணிற் படவில்லையா?

அந்நகரில் எல்ஃப் இனத்தார் மதிலுக்குள் ஒதுக்கப்பட்டு, ஏவல் வேலை செய்து பிழைக்கின்றனர். மன்னன் இறந்தபின் ஆட்சியைக் கைப்பற்றிய லோகெய்னுக்கு, தன்னை எதிர்த்த பிரபுக்களோடு போர்புரியப் பணம் வேண்டியிருந்தது. கொள்ளைநோய் தீர்க்க வந்த வைத்தியர் என்ற வேடத்தில் டெவின்ரர் நாட்டு அடிமை வியாபாரிகள் சேரிக்குள் நுழைந்தனர். சிகிச்சைக்கெனச் சென்றோர் திரும்பவில்லை. அந்நாட்டில் அடிமை வியாபாரம் சட்டவிரோதம். எனினும் பத்திரத்தில் இருந்தது லோகெய்னின் முத்திரை.

பிரபுக்கள் சபையில் இக்குற்றம் எடுத்துரைக்கப்படும்போது அவன் அதனை மறுப்பதில்லை. சேரியைக் காக்க வழியில்லை என்கிறான். நாட்டின் சுதந்திரத்துக்கு வேண்டியதையே செய்தேன் என்கிறான். என்னே வாதம்! சுதந்திரத்தில் பங்கில்லாத மக்கள், அதன் செலவுக் கணக்கில் மாத்திரம் முதலிடம் பெறுகின்றனர்.

இவன் பிரபு குலத்திற் பிறந்தவனுமல்லன், விவசாயியின் மகன். ஒர்லே பேரரசின் ஆக்கிரமிப்பை எதிர்த்து ஆயுதமேந்தி, டேன் நதிக்கரையில் வென்றவன். அந்த வரலாற்றையே அவனுடைய ஆதரவாளர் கேடயமாக ஏந்துகின்றனர். எம் நோக்கில் அதுவே அவன்மீதான குற்றப் பத்திரிகை. அந்நிய எசமானரின் சவுக்கை அறிந்தவன், வேறோர் அந்நிய எசமானனுக்குத் தன் நாட்டு ஏழைகளை விற்றான்.

வெறும் விளையாட்டுத்தானே என்பாரும் உளர். அப்படியாயின் மன்னனின் சாவுக்கு மட்டும் இத்தனை ஆண்டுத் தர்க்கம் ஏன்?

ஆடுவோருக்கும் இங்கே சோதனை உண்டு. பிடித்தவர்களோடு தன்னைப் போகவிட்டால், லோகெய்னைக் குற்றவாளியாக்கும் பத்திரத்தைத் தருவதாக வியாபாரிகளின் தலைவன் பேரம் பேசுகிறான். அதற்கு இணங்கி, அதே பத்திரத்தோடு சபையேறி நீதி பேசவும் கதை இடமளிக்கிறது! ஒஸ்ரகாரைப் பற்றி நாவறள வாதாடுவோர், தாம் அவ்விடத்தில் என்ன செய்தனர் என்பதைச் சொல்வதில்லை.

லோகெய்னின் வழக்கறிஞராக நிற்கும் அன்பர்கள், சேரியிற் பிறந்த பாத்திரத்தைத் தெரிந்து ஒருமுறை ஆடிப் பார்க்கட்டும். அப்பொழுது, விற்பனைக்காக அடைத்து வைக்கப்பட்டோருள் அப்பாத்திரத்தின் தந்தையும் இருப்பார்.