கண் கிடைக்கவில்லையா, காக்க ஏற்பாடில்லையா?

"கருவிழி மாற்றுச் சிகிச்சைக்குக் கண் கிடைப்பதில்லை, ஜனங்கள் மூடநம்பிக்கையில் கிடக்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது?" என்று கைவிரிக்கும் கனவான்களை நாம் கேட்கிறோம்: கிடைத்த கண்ணைக் கெடாமல் காக்க நீங்கள் செய்த ஏற்பாடு என்ன?

கருவிழி வெளுத்துப் பார்வை போவது பெரும்பாலும் யாருக்கு? கதிரடிக்கும்போது நெல் பட்டு, பூஞ்சைப் புண் கண்டு துடிக்கும் விவசாயத் தொழிலாளிக்கு. இரும்புத் துணுக்கோ சுண்ணாம்போ தெறித்துக் கண் கெடும் ஆலைத் தொழிலாளிக்கு. உலகிலேயே முதன்முதலாக வெற்றி கண்ட கருவிழிச் சிகிச்சையும் ஒரு கூலியாளுக்கு நடந்ததுதான். 1905-ல் மொராவியாவின் ஓலமோட்ஸ் நகரில் டாக்டர் எட்வார்ட் சிர்ம் அதைச் செய்தார். சுண்ணாம்பு பட்டுப் பார்வையிழந்திருந்த அந்த மனிதனுக்கு, அடிபட்டதால் அகற்றப்பட்ட ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து கருவிழி கிடைத்தது.

உயிரோடிருப்பவர் இழக்கும் கண்ணை நம்பி எத்தனை பேருக்கு ஒளி தர முடியும்? 1930-களில் சோவியத் நாட்டின் ஒடெஸ்ஸா நகரில் டாக்டர் ஃபிலாத்தோவ் இதற்கு வழி காட்டினார். இறந்தவரின் கண்ணைக் குளிரில் காத்து வைத்துப் பொருத்தலாம் என்று நிரூபித்தார். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-லேயே நம் சென்னை எழும்பூரில், அரசினர் கண் மருத்துவமனையில் தொடங்கியது. ஆகவே இது நமக்குப் புதிய வித்தையல்ல.

முழுக் கண்ணை ஐஸ் பெட்டியில் வைத்தால் 2 நாள் தாங்குவதே பெரிது. கருவிழியை மட்டும் எடுத்து எம்.கே. திரவத்தில் 4 டிகிரிக் குளிரில் வைத்தால் 4 நாள் தாங்கும். மதுரை அரோலேப் தயாரிக்கும் கார்னிசால் திரவத்தில் 14 நாள் வரை வைக்கலாம். இந்த 10 நாள் வித்தியாசத்தில் ஒரு கருவிழி எந்த ஜில்லாவுக்கும், எந்த மாநிலத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். கிளிசரினில் வைத்தாலோ மாதக் கணக்கில் இருக்கும். அதில் உட்பக்க உயிரணுக்கள் மடிந்துவிடுவதால் எல்லாருக்கும் அது பார்வை தராது. ஆனால் புண்ணால் ஓட்டை விழுந்த கண்ணைக் காப்பாற்றும். முன்படலம் மட்டும் கெட்டவர்களுக்கும் உதவும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் நாடெங்கும் கண் தானம் ஏறக்குறைய நின்றது. புண் நின்றதா? அறுவடை நின்றதா? அந்த நாட்களில் பல இடங்களில் கண்ணைக் காத்தது கிளிசரின் புட்டிதான். கையிருப்பு இல்லாத இடத்தில் ஏழையின் கண்ணுக்கு யார் பொறுப்பு?

உலகில் 70 பேருக்குத் தேவை என்றால் ஒருவருக்குத்தான் கருவிழி கிடைக்கிறது என்று 2016-ல் வெளிவந்த ஆய்வு கூறியது. இத்தனை பஞ்சத்தில் ஒரு கருவிழி கெட்டுப்போனாலும் அது குற்றமே. "திரவத்துக்குச் செலவாகும்" என்கிறார்கள். உழைப்பவன் ஆயுள் முழுதும் குருடனாக இருப்பது செலவில்லையா? "டாக்டர் இல்லை" என்கிறார்கள். பயிற்சி பெற்ற ஊழியரே கருவிழியை எடுக்கலாம் என்று 2011-ல் சட்டமே திருத்தப்பட்டுவிட்டதே!

நம் ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணைக் கொடுத்தால் மறுபிறவியில் குருடாவோம் என்பது கட்டுக்கதை. எரிகிற கண்ணும் புதைகிற கண்ணும் யாருக்கும் பயன்படாது. கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோயாளி, கண்புரை ஆபரேஷன் செய்தவர் எவரும் கொடுக்கலாம். இறந்த 6 மணி நேரத்துக்குள் சொல்லி அனுப்ப வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரத்துணி வைத்து, மின்விசிறியை நிறுத்த வேண்டும்.

நாம் இதைச் செய்வோம். சர்க்கார் தன் கடமையைச் செய்யட்டும். ஜில்லா தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் கண் எடுக்கும் ஊழியர், 14 நாள் திரவம், அவசரத்துக்குக் கிளிசரின் கையிருப்பு வேண்டும். ஏழைக்குச் சிகிச்சை இலவசமாக வேண்டும். கதிரடிப்பவருக்கும் ஆலையில் நிற்பவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். சங்கக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். கலெக்டர் ஆபீஸுக்குக் கொண்டு போங்கள்!