ஈரலின் வடுவும் எண்ணின் அளவும்

போரிலே காலிழந்த வீரனைக் கண்டால் உலகம் உடனே இரங்கும். காயம் கண்ணுக்குத் தெரிகின்றது. ஆனால், உடம்பினுட் புகுந்து, இருபது முப்பது ஆண்டுகளாக ஓசையின்றி ஈரலை அரிக்கும் நோய்க்கு யார் சாட்சி சொல்வது?

அமெரிக்காவிலே, வியட்நாம் யுத்தத்திற் பங்குகொண்டோர் பலருக்கு நேர்ந்த கதி இதுவாகும். 'ஹெப்படைட்டிஸ் சி' என்னும் ஈரல் அழற்சியை உண்டாக்கும் வைரசு 1989ஆம் ஆண்டிலேதான் இனங்காணப்பட்டது. யுத்தமோ 1975இல் முடிந்துவிட்டது. போர்முனையிற் காயமுற்றவனின் உயிரைக் காத்த இரத்தமே அவனுக்கு இந்நோயையும் தந்திருக்கலாம். அன்று அதனைச் சோதித்தறிய எவருக்கும் வழியில்லை.

அந்நாட்டு முன்னாட் படைவீரர் விவகாரத் திணைக்களம் இத்தகையோருக்கு உதவுதொகை வழங்குகின்றது. அதற்கு மூன்று வேண்டும்: நோய் உண்டென்னும் வைத்திய அத்தாட்சி, சேவைக் காலத்தில் நிகழ்ந்த காரணம், இவ்விரண்டையும் இணைக்கும் சான்று. சான்றுகள் இருபக்கமும் சமமாக நின்றால், ஐயத்தின் பயன் வீரனுக்கே உரியது. பின்னர், களைப்பு, பசியின்மை, ஈரல் வீக்கம் முதலியவற்றை நோக்கி, இயலாமை நூற்றுக்கு இத்தனை வீதம் என அளவிடப்படும். இவ்விதிகள் 2024ஆம் ஆண்டு மே மாதத்திலே திருத்தியமைக்கப்பட்டன.

கணக்கும் விசித்திரமானதே. ஈரல் நோய்க்கு 40 வீதமும், வேறோர் ஊனத்துக்கு 30 வீதமும் பெற்றவனுக்குக் கிடைப்பது 70 அன்று. எஞ்சிய 60இல் 30 வீதம் 18, ஆக 58. அது 60 எனக் கொள்ளப்படும்.

2013ஆம் ஆண்டின் இறுதி தொட்டு வந்த புதிய மாத்திரைகள், பெரும்பாலும் 8 முதல் 12 வாரங்களுள், நூற்றுக்கு 95 பேருக்குக் குறையாமற் குணமளிக்கின்றன. மகிழ்ச்சிக்குரிய செய்தியே! ஆயினும், நோய் தணிந்தால் வீதமும் குறைக்கப்படலாம். வைரசு அகன்றாலும், இறுகிப்போன ஈரலின் வடு எளிதில் அகல்வதில்லை. களைப்பினால் இழந்த உத்தியோகமும் திரும்புவதில்லை.

எண் இன்றைய உடல்நிலையை அளக்கும். கழிந்த வாழ்வை அளக்காது. அதற்காக எண்ணே வேண்டாவென்பதும் தகாது. அளவுகோல் இல்லையேல், உதவி ஆளுக்கு ஆள் மாறும்.

வாசகர்களே, இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. வைத்தியசாலைத் துண்டுகளைப் பழங்கடதாசியென்று எறிந்துவிடாதீர்கள். முப்பது ஆண்டுகளின் பின்னர் பேசவல்ல சாட்சி அதுவாகவே இருக்கலாம்.