கூகைக்கு நாம் இடும் விருந்து

டூங்கபியில் இரவு ரயில்களின் இரைச்சல் ஓய்ந்த இடைவெளியில், ஓடைக்கரை மரங்களிலிருந்து சில வேளைகளில் ஓர் இரட்டைக் குரல் கேட்கும். ஊரிலிருந்து வந்த மூத்தவர்கள் "சாக்குருவி கத்துது" என்று சொல்லி யன்னலைச் சாத்துவார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் தொலைபேசியில் அதைப் பதிவு செய்ய வளவுக்குள் ஓடுவார்கள். ஒரே குரலைக் கேட்டு ஒரு வீட்டுக்குள்ளேயே அச்சமும் வியப்பும் எழுகின்றன.

அந்தக் குரலுக்குரியது பெரும்பாலும் 'பூபுக்' என்னும் சிறிய ஆந்தை. ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளம் கொண்டது. அதன் பெயர் இந்த மண்ணின் ஆதிக்குடிகளான தருக் மக்களின் மொழியிலிருந்து வந்தது, கூவலையே பெயராக்கியிருக்கிறார்கள். டூங்கபி என்ற ஊர்ப்பெயரும் அதே மொழியினதுதான். நீரருகே உள்ள இடம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். 1791இல் இங்கே அரசாங்கப் பண்ணை அமைவதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே அந்த ஆந்தைக்கும் இந்த ஓடைக்கும் உறவு இருந்திருக்கிறது.

சிட்னியில் வாழும் ஆந்தைகளுள் மிகப் பெரியது 'பவர்ஃபுல் அவுல்'. 60 சென்ரிமீற்றர் வரை உயரும் இந்தப் பேராந்தை, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. மிகப் பழைய மரங்களின் பெரும் பொந்துகளில்தான் அது முட்டையிடும். அத்தகைய பொந்து உருவாக நூறாண்டுகளுக்கு மேல் செல்லும். மரத்தை வெட்ட ஒரு பிற்பகல் போதும். 2011 முதல் பேர்ட்லைஃப் அவுஸ்திரேலியா அமைப்பு, பொதுமக்களைத் தொண்டர்களாகச் சேர்த்து, சிட்னியில் இந்தப் பேராந்தைகளின் கூடுகளைக் கண்காணித்து வருகிறது.

நம் இலக்கியத்துக்கு ஆந்தை புதியதல்ல. கூகை, குடிஞை என்றெல்லாம் அதற்குப் பெயரிட்டவர்கள் நாம். நற்றிணையின் 83ஆம் பாடலை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இரவில் தலைவன் வரும் நேரம். ஊர் வாயிலின் நீர்த்துறையருகே உள்ள முதுமரத்தில் வாழும் கூகையிடம் தோழி பேசுகிறாள். குரலெழுப்பி ஊரை அச்சுறுத்தாதிருந்தால், ஊன் கலந்த நெய்ச்சோறும் சுட்ட எலியும் விருந்தாகத் தருவேன் என்கிறாள். கூகையின் குரல் அச்சம் தருவது என்பதை அவள் அறிவாள். அதே வேளை அது எங்கே வாழும், எதை உண்ணும், அதன் அலகும் நகமும் எப்படியிருக்கும் என்பதையும் நன்கு அறிந்திருக்கிறாள். நாம் அச்சத்தை மட்டும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம், அறிவை விட்டுவிட்டோம்.

இதில் இன்னொரு முரணும் உண்டு. நாமும் கூகைக்கு எலி விருந்து வைக்கிறோம். ஆனால் அந்த எலியில் நஞ்சு இருக்கிறது.

எலிமருந்துகளில் பெரும்பகுதி இரத்தம் உறைவதைத் தடுப்பவை. நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் இதய நோய்க்கு விழுங்கும் வார்ஃபரின் இந்தக் குடும்பத்தின் மூத்த உறுப்பினர். உறைதலுக்குத் தேவையான விற்றமின் கே உடலில் மீண்டும் பயன்படாதபடி செய்துவிடுவதே இவற்றின் வேலை. புரோடிபாக்கம், புரோமாடியோலோன் போன்ற 'இரண்டாம் தலைமுறை' மருந்துகள் மிகக் கடுமையானவை. ஒரு முறை தின்றாலே எலி இறக்கும். ஆனால் உடனே இறக்காது. சில நாட்கள் உயிரோடு திரிந்து மேலும் நஞ்சைத் தின்று, தளர்ந்து, எளிதில் பிடிபடும் இரையாகிவிடும். மருந்தை வீட்டுக்குள் வைத்தோம் என்று ஆறுதல்கொள்ள முடியாது. எலி வெளியே போகும். ஆந்தை அதைத் தின்னும். ஆந்தையின் ஈரலில் அந்த நஞ்சு மாதக்கணக்கில் தங்கிச் சேரும்.

இது வெறும் ஊகமல்ல. மேற்கு அவுஸ்திரேலியாவில் இறந்த 73 பூபுக் ஆந்தைகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, அவற்றுள் 72.6 விழுக்காட்டில் இம்மருந்துகளைக் கண்டது. 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு, பேராந்தை உட்பட நான்கு வகை இராப்பறவைகளில் 60 உடல்களைச் சோதித்தது. 92 விழுக்காட்டில் நஞ்சு இருந்தது. இந்த நஞ்சு எல்லாவற்றையும் நேரடியாகக் கொல்வதில்லை. தளர்ந்த ஆந்தை வீதியில் தாழப் பறந்து காரில் மோதலாம். காரணம் 'வாகன விபத்து' என்றே பதிவாகும்.

அடிபட்ட ஆந்தைகளைக் காப்பாற்ற வயர்ஸ், சிட்னி வைல்ட்லைஃப் போன்ற தொண்டர் அமைப்புகள் உள்ளன. நாம் செய்ய வேண்டியது சிறிது. பறவையின் மேல் ஒரு துவாயைப் போர்த்தி, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இட்டு, இருளான அமைதியான இடத்தில் வைக்க வேண்டும். அலகைவிட நகங்களுக்கே அஞ்ச வேண்டும். பாலோ தண்ணீரோ இறைச்சியோ ஊட்டக் கூடாது. உடனே அந்த அமைப்புகளை அழைக்கலாம். அல்லது அருகிலுள்ள மிருக வைத்தியரிடம் கொண்டுபோகலாம். உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம். நஞ்சுண்ட பறவைக்கு வாரக்கணக்கில் விற்றமின் கே கொடுப்பார்கள். பின் பெரிய கூண்டில் பறக்கப் பழக்கி, வேட்டையாடும் வலு வந்த பிறகு, பிடிபட்ட இடத்தருகிலேயே விடுவார்கள். அங்கேதான் அதன் எல்லையும் துணையும் இருக்கும்.

ஆனால் பெட்டிக்குள் வந்துசேரும் ஆந்தை அதிர்ஷ்டசாலி. காணாமலே இறப்பவை பல. ஆகவே மீட்புப் பணியைப் பாராட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. கலிபோர்னியா 2020இல் சட்டமியற்றி இம்மருந்துகளின் பெரும்பாலான பயன்பாட்டைத் தடுத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2023இல் நிரந்தரக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அவுஸ்திரேலியாவிலோ எவரும் சுப்பர் மார்க்கெட் தட்டிலிருந்து எடுத்துப்போகும் பொருளாகப் பல்லாண்டுகள் இவை விற்கப்பட்டன. பூச்சிமருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் இவற்றை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. சட்டம் எப்படி மாறினாலும், நம் கராஜ்களில் ஏற்கனவே வாங்கி வைத்த பெட்டிகளை அது வந்து எடுத்துப்போகாது.

எலியால் நோய் வரும், குழந்தைகள் உள்ள வீடு என்பது நியாயமான கவலையே. அதற்கும் வழிகள் உண்டு. சுவர்த் துளைகளை அடைக்கலாம். உதிர்ந்த பழங்களைப் பொறுக்கலாம். அரிசியையும் கோழித் தீவனத்தையும் மூடிய தகரத்தில் வைக்கலாம். பெட்டிக்குள் வைத்த எலிப்பொறி போதும். மருந்து தவிர்க்க முடியாததெனில், வார்ஃபரின் போன்ற முதல் தலைமுறை வகையை லேபிளில் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் நஞ்சுதான், ஆயினும் உடலில் அவ்வளவு காலம் தங்காது.

எலியைப் பிடிக்க ஆந்தையைவிடத் திறமையான ஆள் டூங்கபியில் இல்லை. அவரோ சம்பளம் கேட்பதில்லை. நற்றிணைத் தோழி குரலெழுப்ப வேண்டாமென்று கேட்டுத்தான் விருந்து தருவதாகச் சொன்னாள். நாம் வைக்கும் விருந்தாலும் கூகையின் குரல் அடங்கிவிடும், ஆனால் என்றைக்குமாக.