ஸ்கேன் சொல்லாதது

ஏற்காட்டில் காய்ச்சலோடு இருமினால் நேரே சேலத்துக்கு இறங்கி சி.டி. ஸ்கேன் எடுத்துவிட வேண்டும், மற்றதெல்லாம் வெட்டிவேலை என்கிறார் நண்பர். 2020-இல் கொரோனாவோடு தொற்றிய பழக்கம். காய்ச்சல் போயும் அது போகவில்லை.

ஸ்கேனில் தெரியும் மங்கலான வெண்படலம் வைரஸுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தல்ல. நுரையீரலில் நீர் கோத்தாலும் அப்படித் தெரியும். எந்த வைரஸ் என்று சொல்ல மூக்கில் விட்டெடுக்கும் பஞ்சுக்குச்சியும் ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையும் வேண்டும். அதுவும் சமயத்தில் கைவிடும்: கிருமி நெஞ்சுக்குள் இறங்கியபின் மூக்கில் சிக்காமல் போகலாம்.

20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்குமுன், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் யாராவது எண்ணினார்களா? பெரியவர்களுக்கு 30-ஐத் தொட்டால் ஆபத்து. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரோ, ஏற்காட்டின் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், நல்ல உடம்புக்கே ஓரிரு புள்ளி குறைத்துக் காட்டக்கூடும்.