கோட்டைக்குள் தேடிய பெயர்கள்



மனு கொடுக்கவோ கையெழுத்து வாங்கவோ புனித ஜார்ஜ் கோட்டைக்குள் போன நம்மில் எத்தனை பேர் அங்கேயே இருக்கும் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்திருப்போம்? 1795இல் எழுந்த அந்தக் கட்டடத்தில்தான் வணிகர்கள் கூடிச் சரக்குக்கு விலை பேசினார்கள். மறு ஆண்டே அதன் மாடியில் விளக்கேற்றினார்கள்; சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் அது. 1948 முதல் அருங்காட்சியகம்.

வாள், பீரங்கி, சீருடை, பதக்கம் எல்லாம் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னை மீது வீசிய குண்டின் துண்டு ஒன்றும் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போனால் அதைவிட்டு நகர மாட்டார்கள்.

நீங்கள் நின்று பார்க்க வேண்டியது காரன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலை. முகத்தை விடுங்கள், பீடத்தைப் பாருங்கள். 1792இல் அவரிடம் தோற்றுப்போன மைசூரின் திப்பு சுல்தான், தன் சின்னஞ்சிறு மகன்கள் இருவரைப் பிணையாக ஒப்படைத்த காட்சி அதில் இருக்கிறது. ஒரு தகப்பனின் துயரத்தை இன்னொருவரின் பெருமையாகச் செதுக்கியிருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. 1799இல் திப்பு போரில் மடிந்தபின் அந்தக் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்தார்கள். நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடாது, புதுவகைத் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்ற உத்தரவால் கொதித்த சிப்பாய்கள் 1806 ஜூலை 10 அன்று கிளர்ந்தெழுந்து, மைசூர்க் கொடியை ஏற்றியது அதே கோட்டையில்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பெரும்பாலோர் நம் மண்ணின் ஆட்கள். திப்புவை வென்றதற்குப் பதக்கம் அடித்தபோது பெரிய அதிகாரிகளுக்குத் தங்கம், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். ஆளுநர்களின் ஓவியங்களுக்குக் கீழே பெயர் இருக்கிறது. அவர்களுக்காகச் சண்டையிட்ட முத்துக்களும் மஸ்தான்களும் எங்கே என்று தேடினேன். பெயரோடு ஒருவரும் கண்ணில் படவில்லை.

அந்தக் குறையை நம் இதழால் கொஞ்சமேனும் தீர்க்க முடியும். உங்கள் வீட்டில் பட்டாளத்துக்குப் போன தாத்தா, கொள்ளுத்தாத்தா உண்டா? அவர் பெயர், ஊர், படைப்பிரிவு, பர்மாவிலிருந்தோ பஸ்ராவிலிருந்தோ போட்ட கடிதம், டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் பதக்கம் எதுவானாலும் எழுதுங்கள். பழைய போட்டோ என்றால் நகல் போதும். அசலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வரும் இதழ்களில் தொடர்ந்து வெளியிடுவோம்.

அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமைச் செயலக வளாகம் என்பதால் வாசலில் சோதனை இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்